சுவிட்சைக் கழற்றிய பிறகும்

“எடைக்குப் போட்டுரலாம் பாய், இதுல போயி இன்னும்...”

“சுவிட்ச் ஒண்ணுதாம்ப்பா போயிருக்கு, இஞ்சின் அம்புட்டும் நல்லா...”

“வேணாங்கிறேன்ல. எத்தன தடவ சொல்றது?”

“அம்மா கூப்பிட்டாக, வந்தேன். அவுக போகச் சொல்லட்டும், போறேன்.”

முதல் குரல் என் மகன் ரொனால்டு. அடுத்தது மெக்கானிக் கிதர் முகம்மது. எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் நின்று, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கழட்டுங்க தம்பி,” என்றேன்.

ரொனால்டு விலகினான். கேட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

இதைப் படித்துவிட்டு, பாட்டிக்கு வயதாகிவிட்டது என்பீர்கள். ஆகிவிட்டதுதான். ஆனால் கண்ணில் புரை எடுத்த பிறகு எனக்கு நன்றாகவே தெரிகிறது. காது எப்போதும் நன்றாகக் கேட்கும். அன்று ஷெட்டில் நான் தனியாகவும் இல்லை. மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் கேட்டோம்.

என் வீட்டுக்காரர் செபஸ்தியான் போன வருடம் அந்தக் காரில்தான் இறந்தார். அன்று நான் சித்தையன்கோட்டையில் தங்கச்சி வீட்டில் இருந்தேன். விடிகிற நேரத்தில் ரொனால்டு போன் செய்தான். அப்பா முதல் பூசைக்குக் கிளம்பினார், சீட்டில் உட்கார்ந்த உடனே போய்விட்டார், ஒரு நிமிடம்கூடக் கஷ்டப்படவில்லை என்றான்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். சூசையப்பர் கொடுத்த நல்ல மரணம்.

நல்ல மரணம் வேண்டுமென்று சூசையப்பரிடம் ராத்திரி செபத்தில் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். அவரும் நானும் கல்யாணமான நாளிலிருந்து கேட்டோம். அவர் கார் சாவியில் தொங்குவதும் சூசையப்பர் படம்தான். கேட்டது கிடைத்துவிட்டது என்று நானும் கோயிலில் நன்றிப் பூசை வைத்தேன். அந்த ஒரு நினைப்பில்தான் நாளைத் தள்ளினேன். அழுகை வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. சோறு வைத்தால் தின்றேன். விளக்கை அணைத்தால் படுத்தேன்.

கிதர் வந்ததற்கு மறுநாள் என் வீட்டுக்காரருக்கு வருடப் பூசை. கோயிலுக்கு அவர் காரிலேயே போகவேண்டும் என்று மட்டும் தோன்றியது. ஆனால் அவர் போனதிலிருந்து கார் கிளம்பவில்லை. சாவி திரும்பும். டக் என்று ஒரு சத்தம் வரும். அதோடு சரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷெட்டை ஒட்டி இருக்கிற அறைதான் அப்போது ரொனால்டின் அறை. சன்னலைத் திறந்தால் கார் கைக்கு எட்டும். அடக்கம் முடிந்த மறுநாளே கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். கீழே கொசு என்றான்.

சாயங்காலம்தான். ஆனால் சிறுமலைப் பக்கமிருந்து மேகம் வந்து மூடியிருந்தது. கிதர் முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி ஒதுக்கிவைத்தார். டிரைவர் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளினார். ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தவர், உடனே வெளியே வந்தார்.

“வண்டியக் கழுவுனீகளாம்மா?”

“இல்லையே.”

“ஸ்டீயரிங் ஈரமா இருக்கு.”

துணியால் துடைத்தார். துணியை முகர்ந்து பார்த்தார். “வேர்வ வாடை,” என்று முணுமுணுத்து அதைத் தோளில் போட்டுக்கொண்டு, திருப்புளி எடுக்கத் தன் வண்டிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது சீட் முன்னால் நகர்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் குள்ளம். நெஞ்சு ஸ்டீயரிங்கில் முட்டுகிற மாதிரிதான் சீட்டைப் போட்டுக்கொள்வார். அதே இடத்தில் இருந்தது.

“லாக் சரியா விழுகல போல,” என்றார் கிதர். மறுபடி தள்ளினார். கிளிக் என்று விழுந்தது. இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. சிலுவை போட்டேன். மணி ஓயும் முன்பே கரண்டு போனது.

போன் வெளிச்சத்தில் கிதர் வேலையை முடித்தார். சாவி போடுகிற பூட்டு தனி. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற கரண்டு சுவிட்ச் தனி. பூட்டையும் சாவியையும் அப்படியே விட்டுவிட்டு, பின்னால் இருந்த சுவிட்சை மட்டும் உருவி என் கையில் கொடுத்தார். தீப்பெட்டி அளவு இருந்தது. கனமே இல்லை.

“இதாம்மா. இனி சாவியத் திருப்புனாலும் ஒண்ணும் ஆகாது.”

புதுச் சுவிட்சை எடுக்க வெளியே இறங்கினார். காருக்குள் யாரும் இல்லை.

அப்போது ரொனால்டைப் பார்த்தேன். கேட்டருகே நின்றவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான்.

ஒரு சத்தமும் இல்லை. எதற்குப் பொத்துகிறான்?

பிறகுதான் கேட்டது.

டக்.

“யாரு?” என்றார் கிதர்.

யாரும் இல்லை.

டக்...

கிதர் போனைக் காருக்குள் காட்டினார்.

சாவி திரும்பியது.

மெதுவாகக் கடைசி வரை போனது. நின்றது. திரும்பி வந்தது. சூசையப்பர் படம் ஆடியது.

டக்.

சுவிட்ச் என் உள்ளங்கையில் இருந்தது.

சீட் முன்னால் வந்திருந்தது.

ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

டக். டக். டக்.

வேகமாக.

டக்டக்டக்டக்...

“போதும்ப்பா...” ரொனால்டின் குரல். பாயிடம் பேசவில்லை அவன்.

சத்தம் மெதுவானது.

டக்...

காத்திருந்தோம்.

டக்.

பாதி திரும்பிய சாவி, அப்படியே நின்றது.

கரண்டு வந்தபோது ஆறு பத்து.

எனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்கிறார்கள். தெரியவில்லை. கையில் சுவிட்ச் இருந்தது. அது சூடாக இருந்தது, அது நினைவிருக்கிறது.

கிதர் ஏதோ ஓதியபடியே புதுச் சுவிட்சை மாட்டினார். தான் கொண்டுவந்திருந்த பேட்டரியை வைத்து வயரைக் கொடுத்தார். ஒரே திருப்பில் வண்டி எடுத்தது. கூலியைக்கூடக் கேட்கவில்லை. பழைய சுவிட்சை மட்டும் என்னிடமிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் அந்தக் காரில்தான் பூசைக்குப் போனோம். ரொனால்டு ஓட்டினான். அவன் நெட்டை. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்துக்கொண்டே வந்தது. சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளவில்லை.

நான்கு நாள் கழித்து கிதர் வந்தார். ரொனால்டு வீட்டில் இல்லாத நேரம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பழைய சுவிட்சைப் பிளந்து ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே பித்தளை கருகி, சுற்றி இருந்த பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது.

“நாள்பட்டுத் தேஞ்சா இப்பிடி இருக்காதும்மா. இது ஒரே மூச்சுல கருகுனது. விடாமத் திருப்பியிருக்காக.”

“எம்புட்டு நேரம்?”

அவர் தாளை மறுபடி மடித்தார். பூசைக்குக் கிளம்புகிறவர் நாலு தடவை திருப்பிப் பார்ப்பார், எடுக்காவிட்டால் இறங்கி நடப்பார், கோயில் தெருமுனையில்தானே இருக்கிறது என்றார். இறங்கி நடக்க முடியாதவர்தான் இப்படித் திருப்பியிருக்க முடியும் என்றார்.

“ஆஸ்பத்திரிக்குத்தாம்மா பொறப்பட்டிருக்காக. அரை மணி நேரத்துக்குக் கொறையாது.”

“ஹாரன் அடிச்சிருக்கலாமே.”

“இந்த வண்டில ஹாரனும் இந்தச் சுவிட்ச் வழியாத்தாம்மா. சாவிச் சத்தம் மட்டுந்தான் வந்திருக்கும். ராத்திரில அது பக்கத்துல படுத்திருக்கிறவுகளுக்குத்தான் கேக்கும்.”

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல ஷெட்டை ஒட்டிய அறையின் சன்னலைப் பார்த்தார். போய்விட்டார்.

அன்று ராத்திரி ரொனால்டுக்குச் சோறு போட்டேன். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்தேன். தாளைப் பிரித்து, சுவிட்சை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ன இது என்று அவன் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான்.

தண்ணீர் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

“அப்பு... அன்னைக்கி ஒனக்கு எத்தன தடவ கேட்டுச்சு?”