வேகத்தடை வந்தால் எழுந்து நிற்கும் பேருந்து

“உட்கார்ந்தே வந்தேன்.” சென்ற ஆண்டு ஆடி முதல் வெள்ளிக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இந்த இரண்டு சொற்கள்தான். வழக்கமாக ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவள் நான்.

பென்னலூரிலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. வழியில் ஓர் அம்மன் கோயில், அதன் எதிரே ஒரு முரட்டு வேகத்தடை. உட்கார்ந்தபடி குலுங்கினால் உள்ளே இருப்பதெல்லாம் கீழே வந்துவிடும் போலிருக்கும்; சிறுநீரும் கசியும். அதனால் கோபுரம் தெரிந்ததுமே எழுந்து, அடிவயிற்றில் கை வைத்து, கண்ணை மூடிக்கொள்வேன். உதடும் அசையும். டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

பார்த்தவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். நானோ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். “சர்ச்சுக்குப் போற அக்காவே எந்திரிக்குது, நமக்கு இன்னா கேடு?” என்று ஒருத்தி எழுந்தாள். சில மாதங்களில் பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்தது. டிரைவரும் அந்த இடத்தில் பாட்டை நிறுத்த ஆரம்பித்தார்.

பிறகு அறுவை சிகிச்சை, நீண்ட ஓய்வு. வேலைக்குத் திரும்பிய முதல் நாள்தான் அந்த ஆடி வெள்ளி. போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அந்தக் குலுக்கலைத் தாங்காவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்றிருந்தேன்.

கோபுரம் தெரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நான் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பஸ் ஏறி, தொப்பென்று இறங்கியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அதற்கும் கசியவில்லை.

“இன்னாக்கா, ஆடி வெள்ளியும் அதுவுமா குந்திக்கினு சிரிக்கிற? ஆபரேஷன் முடிஞ்சதும் ஆத்தா வேணாமா?” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“ஆத்தா மேல கோவமில்லடி. எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்துச்சு. தூக்கிப்போட்டா தாங்காது, அதான் எந்திரிச்சேன். இப்ப சரி பண்ணிட்டாங்க.”

மெல்லத்தான் சொன்னேன். ஆனால் பாட்டு நின்றிருந்தது. கேட்கிற ஆர்வத்தில் டிரைவர் அதை மறுபடி போடவும் இல்லை.

“அப்போ இத்தினி நாளா நாங்க எதுக்கு எந்திரிச்சோம்?”

பஸ் முழுக்கச் சிரித்தது. கடைசி இருக்கைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. ஒரகடத்தில் இறங்கியதும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“அக்கா, அது எந்த ஆஸ்பத்திரி? எனக்கும் அப்படித்தான் கீது. நீ எந்திரிச்சப்புறம்தான் நானும் கூச்சமில்லாம எந்திரிச்சேன்.”

அடுத்த வாரம் நானே அவளை அழைத்துப் போனேன். இப்போது நாங்கள் இருவரும் உட்கார்ந்தே போகிறோம். மற்றவர்கள் இன்றும் எழுகிறார்கள். கோபுரம் தெரியும்போதெல்லாம் என் பார்வை அவர்கள் கைகளுக்குத்தான் போகிறது. அவர்களில் எத்தனை பேர் அம்மனுக்காக எழுகிறார்கள் என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.