மாலை போட்ட மூடி

மலேசியாவின் சுங்கை ஆயர் தாவார் ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே வேலையாட்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் மேற்பார்வை மண்டோர் நாகமணி. ஆலையில் அவருக்குத் ‘திட்டக்கா’ என்று இன்னொரு பெயரும் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். “பூட்ஸ் எங்கடா? கையுறை வீட்ல தூங்குதா? ஹெல்மெட் போட்டா மாப்பிள்ளை அழகு கொறஞ்சிருமா?” எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் ஹெல்மெட்டில் கொய்யாக்காய் பறித்துப் போடுவார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு நாகமணி உட்காரும்போது இன்னும் சரியாக விடிந்திருக்காது. உடம்பு மட்டும் அதற்குள் அலுத்துப் போயிருக்கும்.

இத்தனைக்கும் அந்த ஆட்கள் தங்கமானவர்கள். ஒருத்தன் வீட்டில் காரியம் என்றால் மொத்தக் கூட்டமும் போய் நிற்கும். ஒரே பொட்டலத்து நாசி லெமா சோற்றை நாலு பேர் பிரித்துத் தின்பார்கள். ஆனால் ஒருவன் தப்பு செய்தால் இன்னொருவன் வாயைத் திறக்கமாட்டான். நம்ம ஆளாயிற்றே!

நாகமணிக்கு அந்த மௌனத்தைக் கண்டால்தான் வயிறு எரியும். அவர் கணவர் செல்லனுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். வேறோர் ஆலையில், உதவிக்கு வரச் சொன்னார்களே என்று பக்கத்துப் பிரிவுக்குப் போனவர், மூடி கழற்றியிருந்த சங்கிலியில் கையைக் கொடுத்துவிட்டார். மூடி இல்லாதது அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் மேலே சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆரஞ்சும் ஹோர்லிக்ஸுமாக வந்து அழுதார்கள்.

அதற்குப் பிறகுதான் நாகமணி இந்த வேலையைக் கேட்டு வாங்கினார். தன் ஆட்களில் ஒரே ஒருவராவது தானாக வந்து, “அக்கா, இங்க ஆபத்து” என்று சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். இத்தனை வருடமாகியும் ஒருவரும் வந்தபாடில்லை.

இந்த வருடம் ஆயுத பூசைக்கு எந்திரங்களையெல்லாம் கழுவினார்கள். பழக்குலைகளை மேலே ஏற்றும் சங்கிலியின் இரும்பு மூடியைக் கழற்றித் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து, பெரிய மாலையாகப் போட்டார்கள். மறுநாள் பூசாரி வந்து மறுபூசை போட்டு மாலையை எடுக்கும்வரை சாமிக்கு வைத்த பொருளில் கை வைக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பூசாரியோ லோரி ஓட்டுபவர். மறுநாள் செகிஞ்சானில் லோரி பழுதாகி நின்றுவிட்டார்.

இங்கே வாசல்வரை பழ லோரிகள். நாகமணி உள்ளே நுழைந்தபோது மூடி மாலையும் கழுத்துமாகச் சாமி பக்கத்தில் இருந்தது. சங்கிலி மட்டும் அம்மணமாக ஓடிக்கொண்டிருந்தது.

சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினார். “யாரு ஓட்டச் சொன்னா?”

“பழம் அழுகுதே அக்கா,” என்றான் அந்தப் பிரிவின் தலையாள் அர்ஜுனன். “மாலைய எப்படி எடுக்கறது? சாமி குத்தமாயிரும் லா.”

“மூடிய தொட்டா குத்தம், சங்கிலிய தொட்டா புண்ணியமா? அறிவ அடகு வச்சிட்டியா?” நாகமணி தாமே மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூடியைத் தூக்கிவந்து மாட்டி ஆணிகளை முறுக்கினார். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

அன்று மத்தியானம் அவருடன் யாரும் சாப்பிட உட்காரவில்லை. மறுநாளும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டுத் தொலைத்தால் என்ன என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியது.

தீபாவளிக்கு முன்பு ஒரு சாயங்காலம் அர்ஜுனன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“அக்கா, தரையில எண்ணெய். வழுக்கிட்டேன். கை நேரா சங்கிலிக்குத்தான் போச்சு. மூடி மேல பட்டு நின்னுருச்சு.”

தரையைத் துடைக்காமல் என்னடா செய்தீர்கள் என்ற வசவு நாகமணியின் நாக்கு நுனிவரை வந்தது. அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். வசவை விழுங்கிக்கொண்டு, “உக்காருய்யா, தண்ணி குடி,” என்றார்.

வீட்டுக்குப் போய்ச் செல்லனிடம் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. “ஏங்க, ஒருத்தன் வந்து சொல்லிட்டான். தானா வந்து சொல்லிட்டான்.”

செல்லன் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “திட்டுனியா?”

“இல்ல.”

“நல்லது. எங்க ஆளுங்களும் மூடி இல்லன்னு சொல்லத்தான் நெனச்சாங்களாம். ஆஸ்பத்திரியில வந்து சொன்னாங்க. ஆனா எங்களுக்கு மேல இருந்த கிராணிக்குப் பொல்லாத வாய். எதைச் சொன்னாலும் சொன்னவனைப் பிடிச்சுத் திட்டுவாரு. அந்த வாய்க்குப் பயந்துதான் சும்மா இருந்துட்டாங்க.”

“இத்தனை நாளா ஏன் எங்கிட்ட சொல்லல?”

செல்லன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தட்டுக்குக் குனிந்துகொண்டார். “சொன்னா நீ திட்டுவியே.”

மறுநாள் பெரட்டில் அர்ஜுனன் கையுறை இல்லாமல்தான் நின்றான். பின்வரிசையில் ஒருவன் தலையில் ஹெல்மெட் இல்லை. நாகமணி எல்லாவற்றையும் பார்த்தார். “யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?” என்று மட்டும் கேட்டார்.

வசவு எப்போது வரும் என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாகமணி வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.