சிவப்புத் தையல்

என் கைப்பையின் அறுந்த தோல்வாரைத் தைக்க, கணவர் நூலில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கிறார். அந்த வாசனை என்னைச் சாந்தோம் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அப்பாவும் இப்படித்தான் நூலுக்கு மெழுகேற்றி, கோணி ஊசியால் அம்மாவின் தோல்பையைத் தைத்தார். கறுப்பு நூல் பாதியில் தீர்ந்துபோக, மீதியைச் சிவப்பு நூலில் முடித்தார்.

"அசிங்கமா இருக்கு. இதை மாட்டிட்டு எப்படி ஸ்கூலுக்குப் போறது?" என்றாள் அம்மா.

"அறுந்தா வந்து கேளு டீச்சர்," என்று அப்பா சிரித்தார்.

அம்மா தையல் தெரியாதபடி பையைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள். நானும் அதே பள்ளியில்தான் படித்தேன். மறுநாள் ஆசிரியர்கள் அறையை எட்டிப் பார்த்தபோது, அம்மா அந்தச் சிவப்புத் தையலைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரர் தைச்சது!"

"கோணலாப் போகுது பாருங்க," என்று கணவரை அதட்டிவிட்டு, நாளை ஆபீசில் யாரிடம் முதலில் காட்டலாமென்று யோசிக்கிறேன்.