அம்மாவின் சீட்டில் கிடைத்த வார்த்தை

இன்று பினாயில் வாடை அடித்ததும், வெள்ளைக்காரர் காலத்துச் சித்தூரில், இப்போது இடித்துவிட்ட மிஷன் காம்பவுண்டு வீடும், பினாயில் போட்டுக் கழுவிய, அம்மா இருமிக்கொண்டே இருந்த உள்ளறையும், அபூர்வ இங்கிலீஷ் வார்த்தைகளை நான் சேர்த்துவைத்த நோட்டும் நினைவுக்கு வந்தன.

ஏதாவது ஒரு எழுத்து இருந்தும் அது ஒலிக்காத வார்த்தைகள் என்றால் எனக்கு உயிர். ஒருநாள் டாக்டர் ‘தைசிஸ்’ என்று சொல்லிக்கொண்டே அம்மாவின் மருந்துச் சீட்டில் இங்கிலீஷில் எழுதினார். முதல் எழுத்து ‘பி’, ஆனால் சொல்லும்போது அது ஒலிக்கவே இல்லை. அம்மாவிடம் சொல்லிக்காட்டினேன்.

“எங்க, இன்னொரு வாட்டி சொல்லு,” என்று சிரித்தாள்.

என் அப்பா, எந்த வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லிவிடுகிற வாத்தியார் நைனாவிடம் இதற்கு அர்த்தம் கேட்டேன். அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“தெரியலம்மா.”

மறுவாரம் அம்மாவை எங்கோ மலையோர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், அவள் திரும்பவில்லை. அவளைக் கூட்டிப்போன அன்று சாயங்காலம் நைனாவின் அகராதியில் அந்த வார்த்தையைத் தேடினேன். ‘காசநோய்’ என்ற அர்த்தத்தின் கீழே அவர் ஏற்கெனவே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.