மாதிரித்துணிக்கு வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அம்மா மட்டும், "மூக்கிலை இல்லை, அவளுக்கு நாக்கிலை" என்பார். ஜெர்மனியில், பான் நகரப் பல்கலைக்கழகத்தில் நான் அமெரிக்க வரலாறு படித்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டுமே உண்மையாகத்தான் இருந்தன.

என் ஆய்வு பழைய அமெரிக்காவின் மாதிரித்துணிகளைப் பற்றியது. அங்கே குடியேறிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள், லினன் துணியில் குறுக்குத் தையலால் அகரவரிசை, எண்கள், ஒரு வீடு, ஒரு மரம், கடைசியில் தங்கள் பெயரும் வயதும் தைத்துப் பழகுவார்கள். நல்ல துணிகளெல்லாம் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருந்தன. எனக்கு அங்கே போக வழியில்லை. நல்ல காலம், பானிலேயே ஒரு முதிய ஜெர்மன் பெண்மணியிடம் ஒன்று இருந்தது. அவருடைய குடும்பத்திலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒரு சிறுமி தைத்தது. பிறகு கப்பலேறிச் சொந்தக்காரரிடமே திரும்பி வந்திருந்தது.

அதன் நடுவில் ஒரு பழுப்புக் கறை. வரும் வழியில் கடல் தண்ணீர் பட்டது என்றார் அந்தப் பெண்மணி. நான் சும்மா விடுவேனா? கடல் கடந்த கைவேலை, அதற்குக் கறையே சாட்சி என்று ஒரு முழு அத்தியாயம் எழுதித் தள்ளினேன். என் பேராசிரியருக்கு அந்த அத்தியாயம்தான் மிகவும் பிடித்தது.

இந்தத் துணிகளில் முன்பக்க நூல் வெளுத்தாலும் பின்பக்கத்தில் பழைய நிறம் தங்கியிருக்கும். அதை ஆறுதலாகப் பார்க்க வேண்டுமென்று துணியை ஒரு வார இறுதிக்கு இரவல் கேட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் வீட்டில் மிஞ்சிய பழைய பொருள் அது ஒன்றுதான். என்றாலும் என்னை நம்பி, மெல்லிய தாளில் சுற்றி, தட்டையான பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அதை மடியிலேயே வைத்துக்கொண்டு பீலெஃபெல்ட் நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு ரயிலில் போனேன்.

ஞாயிறன்று சரஸ்வதி பூசை. குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சாமிப்படத்துக்கு முன்னால் அக்காவின் ஆவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சிப் புத்தகங்கள், என் மடிக்கணினி, அதற்கு மேல் விரித்த மாதிரித்துணி! எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. துணியின் மூலைக்கும்தான்.

"ஐயோ அம்மா, என்ன செய்து வச்சிருக்கிறியள்!"

"ஏன் கத்துறாய்? ஒரு பிள்ளை எழுத்துப் பழகின துணியெண்டு நீதானே சொன்னனீ. படிப்புச் சாமானைப் பூசையிலை வையாமல் பெட்டிக்குள்ளையோ வைக்கிறது?"

எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "நாளைக்கு விசயதசமி. அதுவரைக்கும் தொடக்கூடாது."

"அந்த மனுசியின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது? இனி எனக்கு ஒண்டும் தரமாட்டா. உங்களாலை என்ரை படிப்பே போச்சுது!"

குங்குமத்தை நனைத்தால் சிவப்பு பரவும் என்பதால் துடைக்கவும் வழியில்லை. மாலையில் அம்மா மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் வாறன். வச்சது நான், நானே சொல்லுறன்."

மறுநாள் பூசையை எடுத்ததும் இருவரும் ரயிலேறினோம். வெறுங்கையோடு போக ஏலாது என்று அம்மா ஒரு டப்பாவில் அவலும் கடலையும் கொண்டுவந்தார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கதவு திறந்ததுதான் தாமதம், அம்மா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் தொடங்கிவிட்டார். "பொட்டு, நேற்று நான் வைத்தது. மகள் இல்லை. சின்னப் பெண் படித்தாள், அவளுக்கு ஆசீர்வாதம். மன்னிக்க வேண்டும்."

பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துணியை மேசையில் விரித்தார். பொட்டை வெகுநேரம் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவருடைய விரலோ பொட்டை விட்டு அந்தப் பழுப்புக் கறைக்குப் போனது.

"இது கடல் தண்ணீர் இல்லை," என்றார். "காப்பி. எனக்கு எட்டு வயது, நான்தான் கொட்டினேன். அம்மாவிடம், இது கடல் பட்ட பழைய கறை, நீங்கள் இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அவர் நம்பினார். கடைசிவரை எல்லோரிடமும் கடல் என்றுதான் சொன்னார்." பிறகு அம்மாவைப் பார்த்தார். "நீங்கள் மறுநாளே வந்து சொல்லிவிட்டீர்கள். என்னால் ஒருநாளும் முடியவில்லை."

என் அத்தியாயம்! வாயைத் திறக்கப்போன என் தொடையில் அம்மா நறுக்கென்று கிள்ளினார். பிறகு கதிரையை நகர்த்தி, அந்தப் பெண்மணியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

"உங்கள் அம்மாவுக்குத் தெரியும்," என்றார் அந்த உடைந்த ஜெர்மனில். "காப்பி மணக்கும்."

பெண்மணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார்.