பெயரை அடிக்க ஆள் நேரில் வர வேண்டும்

1. முதல் நாள்

போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பெயரை அடித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஹட் பே போகிற கப்பலின் பாசஞ்சர் லிஸ்ட் அது. ஒரே பெயர், ஒரே வயது, இரண்டு இடத்தில் இருந்தது. யாரோ தவறுதலாக இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று நானே முடிவு செய்து ஒன்றின் மேல் கோடு போட்டேன். அவர்கள் இரண்டு பேர். இரண்டாமவர் கப்பல் கிளம்பும்போது பெட்டியோடு கப்பல் துறையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் சூப்பர்வைசர் தாஸ் பாபு வங்காளி. கோபம் வந்தாலும் அவருக்குக் குரல் உயராது.

“வசந்தா ஜி, நாம் லிக்கா தோ லிக்கா. அப்னே மன் ஸே காட்னா நஹி. ஆத்மி குத் ஆயேகா, போலேகா, தப் காட்னா.”

எழுதிய பெயர் எழுதியதுதான், நீயாக அடிக்காதே, ஆளே வந்து சொன்னால் அடி. இதுதான் விதி. அப்படி அடித்தாலும் ஒரே கோடு, அடியிலுள்ள பெயர் படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் இனிஷியல் வைக்க வேண்டும். ரப்பரும் பிளேடும் கவுண்டருக்குள் வரவே கூடாது.

இருபத்தொன்பது வருடம் அந்தக் கவுண்டரில் இருந்தேன். இந்த விதியை அதன் பிறகு ஒரு முறைகூட மீறவில்லை. ஆபீசுக்கு அது நல்லதாக இருந்தது. நாவல் எழுத உட்கார்ந்தபோது அதுவே எனக்கு எமனாக வந்தது.

2. சைலிங் ரிஜிஸ்டர்

சுனாமிக்குப் பிறகு இரண்டு மாதம் டிக்கெட் கொடுக்கும் வேலை குறைவு, பழைய லிஸ்ட் படிக்கும் வேலை அதிகம். தெற்கே கச்சால், கார் நிகோபார், கேம்பல் பே தீவுகளுக்கு யார் யார் போயிருந்தார்கள் என்று கேட்டு உறவினர்கள் வருவார்கள். நான் பெயர்களை வாசிப்பேன். சிலர் ஒரு பெயரைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்கள். சிலர் பெயர் இல்லை என்றதும் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

கூட்டம் நின்ற பிறகும் என் வாய் நிற்கவில்லை. சோறு வடிக்கும்போதும் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். “மெயின்லேண்டுக்குப் போயி ஒரு டாக்டரப் பாத்துட்டு வா” என்றார் என் கணவர். கப்பல் டிக்கெட் கொடுக்கிறவளுக்கே மெயின்லேண்ட் டிக்கெட் கிடைக்காத காலம். எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். கடிகாரம் மெயின்லேண்டுக்காரர்களுடையது, சூரியன் எங்களுடையது. ஐந்து முதல் ஆறு வரை யாரும் என்னைத் தேட மாட்டார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு பழைய லிஸ்ட் தாள்கள் கட்டுக்கட்டாகக் குப்பைக்குப் போயின. தாஸ் பாபுவிடம் கேட்டு இரண்டு கட்டு வாங்கி வந்தேன். ஒரு நாளைக்கு ஒரு தாள், அதன் பின்பக்கம். அதுதான் என் திட்டம்.

ஐந்து நாள் எழுதினேன். அடுத்த பன்னிரண்டு நாள் எழுதவில்லை.

ஆபீசில் ஒரு சைலிங், அதாவது கப்பல் புறப்பாடு, ரத்தானால் ரிஜிஸ்டரில் அந்த நாளைக் காலியாக விட முடியாது. காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலும் அப்படி ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, போனதா ரத்தா, காரணம், கையெழுத்து. “காய்ச்சல்” என்று எழுதினேன். “நாத்தனார் வருகை” என்று எழுதினேன். ஒரு நாள் “கரண்ட் இல்லை” என்று எழுதினேன். விடிந்த பிறகு எழுதுகிறவளுக்குக் கரண்ட் எதற்கு? பொய்க் காரணத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் பார்த்தபோது கூச்சமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் “மனமில்லை” என்று உண்மையை எழுதினேன். அதன் கீழே கையெழுத்துப் போட முடியவில்லை. பேசாமல் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

தினமும் எழுதுவது எப்படி என்று கேட்டுச் சில பிள்ளைகள் லம்பா லைன் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி இந்த நோட்டுதான். நாலு வரி எழுதினாலும் “போனது” என்று போட்டுக்கொள்ளலாம். பாதி காலியாக இருந்தாலும் கப்பல் போகத்தானே செய்கிறது.

3. கப்பல் கிளம்பவில்லை

மூன்று வருடத்தில் நானூறு தாள் சேர்ந்தது. பக்கத்துக் கவுண்டர் ஜெயராணியிடம் கொடுத்தேன். தூத்துக்குடிக்காரி. பதினைந்து நாள் பழசாகக் கப்பலில் வந்து சேரும் வாரப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிக்கிறவள். இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் கட்டை என் முன்னால் வைத்தாள்.

“எக்கா, கோவப்படக் கூடாது, என்ன?”

“சொல்லு.”

“எல்லாரும் ஏறிட்டே இருக்காவ. கப்பல் எப்பக்கா கிளம்பும்?”

நான் கட்டை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

“நாப்பத்திமூணு பேரு. எண்ணிட்டேன். ஒவ்வொருத்தருக்கும் பேரு, வயசு, அப்பா பேரு, எங்க போறாவ, எல்லாம் எழுதியிருக்க. சாப்பாடு வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு மட்டுந்தான் எழுதல.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை. லிஸ்ட் எழுதிய கை லிஸ்ட்டைத்தான் எழுதியிருந்தது. அவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“நாலாம் பக்கத்துல ஒரு பொம்பள கவுண்டர்ல வந்து நிக்கா. கச்சால் போணும்னு கேக்கா. அஞ்சாம் பக்கத்துல ஆளக் காணோம். கடைசி வரைக்கும் தேடிட்டேன். அவ எங்க போனாக்கா?”

“அது சின்னப் பாத்திரம்டி.”

“சின்னப் பாத்திரத்துக்கு எதுக்கு சேல நிறம், மூக்குத்தி, கைல உள்ள பைன்னு அரப் பக்கம்? மத்த ஒருத்தருக்கும் நீ இப்பிடி எழுதல.”

டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

4. பதினோராவது பெயர்

அவள் நிஜமாகவே இருந்தவள். பெயர் பார்வதி. வயது நாற்பத்தொன்று. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். கண் ஆஸ்பத்திரிக்காக போர்ட் பிளேர் வந்திருந்தாள். வெயிட்டிங் லிஸ்டில் பதினோராவது பெயர்.

சுனாமிக்கு மூன்று நாள் முன்பு கிளம்பிய கப்பலில் ஒருவர் நேரில் வந்து தன் இடத்தை ரத்து செய்தார். அன்று நல்ல மழை. கவுண்டர் முன்னால் பார்வதி மட்டும் நின்றாள். முறைப்படி முதல் பெயருக்குத்தான் தகவல் சொல்லியிருக்க வேண்டும். நான் அவளுக்குக் கொடுத்தேன். அவள் போனாள். திரும்பி வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் கணவர் கருப்பையா நிவாரண முகாமிலிருந்து வந்தார். மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்ததற்குச் சீட்டு இருக்கிறது, கச்சால் திரும்பியதற்குக் காகிதம் இல்லை, காணாமல் போனவர் பட்டியலில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள் என்றார். லிஸ்ட்டைப் பார்த்து நானே நகல் எழுதி, தாஸ் பாபுவிடம் முத்திரை வாங்கிக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த டிக்கெட்டைக் கொடுத்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

ஒருத்தியைப் பற்றி எழுதப் பயந்து நாற்பத்திரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஜெயராணி கேட்டிருக்காவிட்டால் இது எனக்கே தெரிந்திருக்காது.

திருத்த உட்கார்ந்தேன். அடிக்க வரவில்லை. இரண்டு மாதம் ஒரு பெயரும் அடிபடவில்லை, புதிதாக இரண்டு பேர் சேர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் தாஸ் பாபுவின் விதியையே பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பாத்திரத்தையும் கவுண்டருக்கு வரவழைத்தேன். ஆளுக்கு ஒரு தாள். இந்தக் கதையில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதினேன். பலருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படி வந்து நின்று முழித்தவர்களை ஒரே கோட்டில் அடித்து இனிஷியல் வைத்தேன். ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

ஐந்தாம் பக்கத்தில் காணாமல் போனவளைத் திரும்பக் கொண்டுவந்தேன். பெயரை மட்டும் கமலம் என்று மாற்றினேன். டிக்கெட் கொடுத்த கவுண்டர்காரியின் குற்ற உணர்ச்சியை நாற்பது பக்கம் எழுதினேன். படித்துவிட்டு ஜெயராணி அழுதாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

அச்சுக்கு அனுப்பலாம் என்றாள் அவள். கருப்பையா பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த நாற்பது பக்கமும் போய்விடும். அது போனால் நாவலே இல்லை. அதைவிட, அத்தனை வருடம் சொல்லாததை அவர் அந்தத் தாளில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்வார்.

5. மூன்று மாதம்

கருப்பையா கச்சாலுக்கே திரும்பிவிட்டார். போர்ட் பிளேருக்கு எப்போதாவது வருவார். திரும்பிப் போகும் லிஸ்டில் அவர் பெயரைப் பார்த்தபோது வெயிட்டிங் ஹாலுக்குப் போய்ப் பழுப்புக் கவரைக் கொடுத்தேன். “கதை ஒண்ணு எழுதியிருக்கேன் அண்ணே. படிச்சுட்டுச் சொல்லுங்க” என்றேன். வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்.

மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. அந்த மூன்று மாதத்தில் என் நோட்டில் பதினேழு நாள் ரத்து. பதினேழுக்கும் காரணம் “பயம்”. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை கவுண்டரில் தலையைத் தூக்கினேன், அவர் நின்றார். வெயிட்டிங் ஹாலில் போய் உட்கார்ந்தோம். கவரை மடியில் வைத்துக்கொண்டார்.

“படிச்சேங்கம்மா. மூணு தரம் படிச்சேன்.”

“தப்பா இருந்தா சொல்லுங்க அண்ணே. எடுத்துடறேன்.”

“கவுண்டர்ல நின்னு அழுதான்னு எழுதியிருக்கீங்க. அவ அழ மாட்டாங்கம்மா. டிக்கட் இல்லேன்னா சண்டைக்கில்ல நிப்பா.”

அவர் சொன்னது சரி. அன்று அவள் அழவில்லை. இம்புட்டுப் பெரிய கப்பல்ல ஒரு ஆளுக்கு எடமில்லையா என்று என்னை அதட்டினாள். கதையில் அவளை அழ வைத்தது நான். அவள் அழுதால்தான் என் இரக்கம் எடுபடும் என்று நினைத்திருந்தேன்.

“அந்தப் பையில மருந்துன்னு போட்டிருக்கீங்க. மருந்தில்ல, டோர்ச். அந்தக் கப்பல்லயே வந்திரு, வரும்போது ஒரு டோர்ச் வாங்கிட்டு வான்னு ஆள் மூலமா சொல்லியனுப்புனது நாந்தான்.”

மடியில் இருந்த கவரை நீவிவிட்டார்.

“அல வந்த அன்னிக்கு விடியறதுக்கு முன்ன அந்த டோர்ச்ச எடுத்துக்கிட்டுத்தான் வெறகு பொறுக்க மேட்டுக் காட்டுக்குப் போனேன். அது இல்லேன்னா நானும் வீட்லதான் படுத்திருப்பேன்.”

மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று மாதமாக வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. வெட்கமாக இருந்தது. இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அத்தனை வருடம் அந்தச் சாவு முழுக்க என்னுடையது என்று பிடித்து வைத்திருந்தேன்.

“நாப்பது பக்கமும் நீங்கதாம்மா இருக்கீங்க. அவ ரெண்டு பக்கந்தான் இருக்கா” என்றார். குரலில் கோபம் இல்லை.

“எடுத்துடட்டுமா அண்ணே?”

“எடுக்க வேணாம். கமலம்னு போட்டிருக்கீங்களே, அந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாது. பார்வதின்னே போடுங்க.”

கவரை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். கமலம் என்று வந்த இடங்களிலெல்லாம் ஒரே கோடு போட்டு, மேலே பார்வதி என்று எழுதி, பக்கத்தில் இனிஷியல் வைத்தேன். விதிப்படி ஆள் நேரில் வந்து சொல்லியாகிவிட்டது. நாற்பது பக்கத்தைத் திரும்ப எழுத இன்னும் ஒரு வருடம் ஆனது. அதில் பார்வதி சண்டை போடுகிறாள், டோர்ச் வாங்கக் கடை கடையாக ஏறுகிறாள், கப்பலில் பக்கத்து பெர்த்காரியோடு சிரிக்கிறாள், வீட்டுக்குப் போய்ச் சேர்கிறாள்.

திருத்தும்போது எதை வெட்டுவது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மற்ற எல்லாரையும் கவுண்டருக்குக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அடியுங்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தன் பெயரை அடிக்கச் சொல்லி வரவே மாட்டார். எழுதுகிறவர்தான் அவர். அவருக்காகக் காத்திருக்காதீர்கள், நீங்களே அடித்துவிடுங்கள்.

அச்சில் வந்த நாவலில் நான் ஒரே ஒரு வரியில் வருகிறேன்: “கவுண்டரில் இருந்தவள் டிக்கெட்டைக் கொடுத்தாள். பார்வதி அதை டோர்ச் இருந்த பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.”