தென்மூலைச் சிஸ்டர்மார்

போன கிழமை மன்னார் ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்துவிட்டு என் ஊர் வங்காலைக்குப் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பஸ் பாலத்தில் ஏறியபோது எனக்கு முன் ஆசனத்தில் இருந்த ஒரு பெண், பிள்ளைக்குத் தீத்தி முடித்த சோற்றுப் பார்சலைச் சுற்றியிருந்த பொலித்தீன் லஞ்ச் சீற்றை நாலாக மடித்து, சுருட்டி, ரப்பர் வளையமும் போட்டாள். அந்த ஒழுங்கைப் பார்த்து, பைக்குள் வைக்கப்போகிறாள் என்று நான் ஏமாந்துபோனேன். கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டாள். அது நேரே போய்ச் சேற்றில் விழுந்தது.

"ஏன் தங்கச்சி வெளியில எறியுறீங்கள்?" என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "வெளியிலதானே அக்கா போட்டனான்" என்றாள். பஸ்ஸுக்குள் போடாததற்கு நான் நன்றி சொல்லவேண்டும் என்பதுபோல இருந்தது அவள் முகம்.

அதற்குமேல் பேசியிருந்தால் வீடு வரும்வரைக்கும் பேசியிருப்பேன். நம்முடைய ஆட்களுக்கு வீடு என்று ஒன்று இருக்கிறது, அதை ஒரு நாளைக்கு இரண்டு தரம் கூட்டுவார்கள். மிச்சம் உலகம் முழுக்க வெளி. கடல், வீதி, கோயில் வளவு, வாய்க்கால் எல்லாம் வெளிதான். வெளியில் எதைப் போட்டாலும் அது போன இடம் தெரியாமல் போய்விடும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

அந்தப் பெண்ணின் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது. வற்றுத் தண்ணீர் நேரம், பரவைக் கடல் விலகிச் சேறு வெயிலில் கிடந்தது. எனக்கு அந்த மணம் பிடிக்கும். அழுகின பாசி, உப்பு, நண்டுப் பொந்து எல்லாம் கலந்த ஒரு மணம். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் சொல்லலாம். அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிடும், ஒரு பூங்காவின் உடைந்த வாங்கில் போய் இருந்துவிடுவேன்.

சமாதானப் பேச்சுவார்த்தை நடந்த காலம் அது. வீதி திறந்து, சாமான் வந்து, மன்னார்க் கடைகளில் நாங்கள் கண்டறியாத சோடாப் போத்தல்களும் ஐஸ்கிறீம் கப்புகளும் நிறைந்த காலம். நான் நகரத்தில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்திருந்தேன். வேலை நாலேகாலுக்கு முடியும், வங்காலை பஸ் ஐந்தரைக்கு. பஸ் நிலையத்தில் ஒரு இளம்பெண் ஒன்றேகால் மணித்தியாலம் தனியே நின்றால் ஊர் வாய்க்கு அது போதும். ஆகவே, பரவைக் கடல் ஓரமாக இருந்த சிறுவர் பூங்காவில் போய் இருப்பேன். சிறுவர் எவரும் அங்கே வருவதில்லை என்பதால் அது வசதியாக இருந்தது.

ஏன் வருவார்கள்? சீசோவுக்குப் பலகை இல்லை, நடுக்கம்பு மட்டும் நிற்கும். ஊஞ்சலின் சங்கிலியை எவரோ மாடு கட்டக் கொண்டுபோயிருந்தார்கள். இரும்புக் கேற்றின் ஒரு பக்கத்தைக் காணவில்லை, அந்த வழியாகக் கழுதைகள் தங்கள் சொந்த வளவுக்குள் வருவதுபோல வரும். தரை முழுக்கக் கச்சான் கடலைக் கோதும் லஞ்ச் சீற்றும். சோளகக் காற்று தொடங்கினால் ஊரிலுள்ள பொலித்தீன் பைகள் எல்லாம் பறந்துவந்து வேலிக் கம்பியில் தொங்கிப் படபடக்கும். கறி மணத்துக்காக ஒரு கழுதை லஞ்ச் சீற்றைச் சவைத்துக்கொண்டு நிற்பதை ஒரு நாள் கண்டேன். வாயிலிருந்து இழுக்கப் போனேன், அது என்னைத் தள்ளிவிட்டு விழுங்கியது. அன்று பஸ்ஸில் முழுக்க அழுகையும் ஆத்திரமுமாக வந்தேன்.

பூங்காவுக்குக் காவலாளி, தோட்டக்காரர், கூட்டுகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான், சவிரி அண்ணை. நாற்பது வயது, வாயில் எப்போதும் பீடி. ஒரு வேப்பமரத்தின் கீழே கதிரை போட்டிருப்பார். நிழல் நகர்ந்தால் கதிரையையும் நகர்த்துவார். ஒரு நாளில் அவர் செய்கிற முக்கியமான வேலை அதுதான்.

"அண்ணை, அந்தத் தென்மூலையை ஏன் கூட்டுறேல்லை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கூட்டினா நாளைக்கும் போடுவினம் பிள்ளை. கூட்டாட்டி நேற்றுப் போட்டது கிடக்குது. ரெண்டும் குப்பைதானே."

இது அவருடைய தத்துவம். சம்பளம் எடுக்கிற மனிசன் இப்படிச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

தென்மூலை என்பது கட்டி முடிக்காத ஒரு கக்கூசுக்குப் பின்னால் தாழ்ந்து கிடந்த இடம். மதகு வழியாகக் கடல்தண்ணீர் ஏறி இறங்கும். சுற்றிவர உமரிச் செடி. கோடை முற்ற முற்ற அது சிவந்துகொண்டு வரும். ஊருக்கு அது நாற்றம் பிடித்த பள்ளம். எனக்கு அங்கேதான் வேலை இருந்தது. உடைந்த வாங்கை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, மத்தியானச் சோற்றில் மிச்சம் இருந்தால் அதைச் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தபடி இருப்பேன். நண்டு கால் தூக்கி நடப்பதைப் பார்க்கிறதற்கு ஒரு பொழுது போதாது என்று அங்கேதான் கண்டுகொண்டேன்.

பிறகு அவர்கள் வந்தார்கள். வெள்ளை உடம்பு, கறுப்புச் செட்டை, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால்கள். நெடுங்கால் உள்ளான் என்று அந்தப் பறவைக்குப் பெயராம், வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு அவர்களைக் கண்டவுடன் வேறு பெயர்தான் வந்தது. கறுப்பும் வெள்ளையும் உடுத்து, தலையைக் குனிந்து, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக நடந்து, நிலத்தில் பிழை பிடித்துக்கொண்டு போகிற சிஸ்டர்மார். கால் மட்டும்தான் மடத்துச் சட்டத்துக்கு ஒத்துவராது. அவர்களைப் பார்த்துத் தனியே சிரிக்கிற எனக்கு விசர் பிடித்திருக்கிறது என்று சவிரி அண்ணை முடிவுகட்டியிருப்பார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த ஒரு நாள், வெறும் சேற்றுத் திட்டில் நாலு முட்டைகளைக் கண்டேன். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சுற்றிவர உமரித் தண்டு, சிப்பி ஓடு, ஒரு சோடா மூடி, கிழிந்த பொலித்தீன் துண்டு ஒன்று. அந்தப் பொலித்தீனைக் கண்டு எனக்கு வெட்கமாக இருந்தது, வீட்டுக்கு வந்த ஆளுக்கு ஊத்தைக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்ததுபோல. நான் கிட்டப் போனால் தாய்ப் பறவை செட்டை முறிந்ததுபோல விழுந்து விழுந்து தூரப் போகும். என்னை ஏமாற்றுகிறதாம். நானும் ஏமாந்ததுபோலப் பின்னால் நாலு அடி போய்விட்டு வாங்குக்குத் திரும்புவேன். தினமும் இந்த நாடகம் நடந்தது.

குஞ்சுகள் பொரித்தன. பிறந்த அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டன. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு குஞ்சு ஓடாமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. எவரோ எறிந்துவிட்டுப் போன தூண்டில் தங்கூசி, அந்த நைலோன் நரம்பு, காலில் சுற்றியிருந்தது. சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது, ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. தங்கூசி கையால் அறுகிற சாமானா? நான் கத்திய கத்தலில் சவிரி அண்ணை முதன்முறையாகக் கதிரையை விட்டு எழும்பி வந்தார். வாயிலிருந்த பீடியை எடுத்து, குஞ்சின் காலுக்கு ஒரு சாண் தள்ளி அந்த நரம்பில் நெருப்பை வைத்தார். அது சுருண்டு உருகி அறுந்தது. மிச்சத்தை நான் மெல்ல உருவி எடுத்தேன்.

"இதுக்கெல்லாம் ஆர் எனக்குச் சம்பளம் தாறது?" என்று சொல்லிவிட்டு, அணைந்த பீடியைச் சேற்றுக்குள் எறிந்தார். எனக்கு வந்த நன்றியும் கோபமும் ஒன்றாகவே வந்தன.

அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், கந்தோர்த் தட்டெழுத்து மெஷினில் கார்பன் வைத்து, பூங்காவுக்குப் பொறுப்பான அதிகாரிக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் அடித்தேன். குப்பையை அள்ளவேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை. ஆனால் நான் கந்தோரில் வேலை செய்கிறவள். எந்தக் கடிதத்தை மேசையில் வைப்பார்கள், எந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டிச் சிரிப்பார்கள் என்று தெரியும். குருவிக்காக ஒரு குமர்ப்பெண் கடிதம் எழுதியிருக்கிறாள் என்றால் தேத்தண்ணி நேரத்துக்கு ஒரு கிழமைக்குப் பகிடி. ஆகவே கெட்டித்தனமாக எழுதினேன். தென்மூலையில் கழிவுநீர் தேங்கி நிற்கிறது, நுளம்பு பெருகுகிறது, துர்நாற்றம் வீசுகிறது, புதர் மண்டியிருக்கிறது, பொதுமக்களின் சுகாதாரம் கருதி உடன் நடவடிக்கை எடுக்கவும். அந்த உப்புத் தண்ணீரில் நான் ஒரு நுளம்பும் கண்டதில்லை. உமரியைப் புதர் என்று அடித்த விரல் இந்த விரல்தான்.

சவிரி அண்ணையிடம் பெருமையாகச் சொன்னேன்.

"குருவியளைப் பற்றியும் எழுதினனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. எழுதினாச் சிரிப்பினம்."

"ஓம், அதுவும் சரிதான்" என்று கதிரையை நகர்த்தினார்.

ஒரு கந்தோரிலிருந்து பதில் வர ஆறு மாதம் ஆகும் என்பது என் அனுபவம். குழாய் உடைந்து வீதி வெள்ளமாக ஓடினாலும் அசையாத ஆட்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து எங்கேயோ அழகுபடுத்தும் திட்டம் ஒன்றுக்குக் காசு வந்து, செலவழிக்க இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் கடிதம் கையில் கிடைத்தது. மடு மாதா கோயில் திருவிழா முடிந்த கையோடு ஒரு காலை, கந்தோருக்குப் போகிற வழியில் மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பூங்கா முழுவதும் கிடந்த குப்பையைக் கூட்டி வாரித் தென்மூலைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குப்பை அள்ளச் சொன்னதும் நான்தான், பள்ளத்தைப் பற்றி எழுதினதும் நான்தான், இரண்டையும் ஒன்றாகத் தீர்த்துவிட்டார்கள். மேலே கொட்டக் கிறவல் மண் இரண்டு லொறியில் நின்றது. அந்தக் கிழமை அங்கே இன்னும் இரண்டு சோடிப் பறவைகள் முட்டை வைத்திருந்தன. நான் எண்ணி வைத்திருந்தேன், ஏழு முட்டை.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, அங்க முட்டை கிடக்குது" என்று இயந்திரம் ஓட்டுகிற பெடியனிடம் கத்தினேன்.

அவன் நல்ல பெடியன். சத்தத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, மரியாதையாகச் சொன்னான். "நான் என்ன செய்ய அக்கா? ஆரோ நாத்தம், நுளம்பெண்டு கடிதம் எழுதினவையாம். அவையைப் போய்க் கேளுங்கோ."

நான் கந்தோருக்குப் போனேன். வேறெங்கே போவது? அன்று அடித்த கடிதங்களில் எத்தனை பிழை என்று பெரிய கிளாக்கரிடம் ஏச்சு வாங்கினேன்.

திறப்புவிழாவுக்கு எனக்கு அழைப்பு வந்தது. வர்ணம் அடித்த கேற், சீமெந்துத் தரை, புது வாங்குகள். தென்மூலையில் குப்பை போட ஒரு பெங்குவின் நின்றது, வாயைத் திறந்தபடி. மன்னார் வெயிலில் பெங்குவின். பக்கத்தில் 'இயற்கையை நேசிப்போம்' என்று ஒரு பலகை. நாடா வெட்ட வந்த பெரியவர், இதெல்லாம் ஒரு சகோதரியின் சமூக அக்கறையால் வந்தது என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நேரம் நாலைந்து உள்ளான்கள் தலைக்குமேல் வட்டமிட்டுக் கீச்சுக் கீச்சென்று கத்தித் திரிந்தன. பெரியவர் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்த்து, "பறவைகளும் வந்து வாழ்த்துகின்றன" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று "நன்றி" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

சனம் கலைந்தபோது சவிரி அண்ணை புதுச் சீருடையில் நின்றார். சீமெந்துக்காக வேம்பையும் தறித்துவிட்டார்கள், கதிரை போட நிழல் இல்லை. "நான் கூட்டாமல் வைச்சிருந்தனான் பிள்ளை" என்றார். குத்திக்காட்டினாரோ, தன் சோம்பலுக்கு இப்போதுதான் ஒரு நியாயம் கண்டுபிடித்தாரோ தெரியாது. அந்த மனிசனின் சோம்பலில்தான் அந்தப் பறவைகள் அத்தனை நாளும் உயிர் வாழ்ந்தன என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கியது.

இரண்டு மூன்று நாள் அவை சீமெந்தின்மேல் இறங்கி நடந்து பார்த்தன. பிறகு வரவில்லை. சண்டை திரும்பவும் வந்தபோது பெங்குவினின் தலை போயிற்று, வாங்குகள் போயின, சவிரி அண்ணையும் கண்ணை மூடிவிட்டார். இப்போது அங்கே ஓட்டோக்கள் நிறுத்துகிறார்கள். மதகை அடைத்தாயிற்று, சேற்று மணம் இல்லை, உமரி இல்லை, சுத்தமான இடம். கீழே அந்த லஞ்ச் சீற்றுகள் மட்டும் உக்காமல் அப்படியே கிடக்கும்.

எழுத நினைத்து எழுதாமல் விட்ட வரி எனக்கு மனப்பாடம். 'தென்மூலையில் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன, அவற்றுக்காக இந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருங்கள்.' அப்படி எழுதியிருந்தால் தேத்தண்ணி நேரத்தில் வாசித்துக் காட்டி, வயிறு நோகச் சிரித்து, கடிதத்தைக் கசக்கி எறிந்திருப்பார்கள். பறவைகள் தப்பியிருக்கும்.